கூடை இருக்கிறது, அனுமதி எங்கே?

நடுவர் அவர்களே! கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில், கணவனோடு கப்பலேறி வந்த பெண்ணுக்கும் பெரட்டில் பேர் விழும். கூலி குறைவுதான், அது வேறு வழக்கு!

பிறகு வந்தது 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி கட்டாயம். அது கிடைக்காத தோட்டத் தமிழர் பலர் ஊர் திரும்பினார்கள்.

இன்று மலேசியரை மணந்து தமிழ்நாட்டிலிருந்து அதே மலைக்கு வரும் பட்டதாரிப் பெண்ணுக்குத் தருவது நீண்டகாலச் சமூக வருகை பாஸ். வாழ வந்தவள் வருகையாளராம்! சமைக்கலாம், பிள்ளை வளர்க்கலாம். சம்பளம் வாங்கக் குடிநுழைவுத் துறையின் தனி அனுமதி வேண்டும். அந்தப் பாஸுக்குப் பொறுப்பாளர் கணவர். மணவாழ்வு முறிந்தால், வேலையோடு நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும்.