நவுறு கண்ட விடுதலை



பசிபிக் சமுத்திரத்திலே நவுறு என்றொரு தீவு உண்டு. பரப்பு 21 சதுர கிலோமீற்றர். 1968இல் அதன் சொந்தக் குடிகள் ஏறக்குறைய மூவாயிரம் பேர். அத்தீவின் பொஸ்பேற்று, அவுஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாயிற்று. மண்ணுக்குரியோர் பெற்றதோ சொற்பப் பங்கு.

தோண்டி முடிந்ததும் குடிபெயர்வதற்கென அவுஸ்திரேலியா கேர்ட்டிஸ் தீவைக் காட்டிற்று. அங்கே தம்மைத் தாமே ஆளும் உரிமை கிட்டாதென்று கண்ட மக்கள், ஹமர் டிரொபேட் தலைமையில் 1964இல் அதனை மறுத்தனர்.

1968 சனவரி 31இல் விடுதலை பிறந்தது. யப்பானியர் 1943இல் ட்ரக் தீவுக்குக் கொண்டுசென்ற 1,200 பேருள் எஞ்சிய 737 பேர், 1946இல் தாயகம் மீண்ட நாளும் அதுவே. அவ்வாண்டு மே மாதம் டிரொபேட் முதற் சனாதிபதியானார். 1967ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சொந்த மண்ணிலிருந்த சுரங்கத் தொழிலை 2 கோடியே 10 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் கொடுத்தே அம்மக்கள் வாங்கினர். என்னே கொடுமை!

பாழான நிலத்துக்காக உலக நீதிமன்றத்தில் 1989இல் வழக்கிட்டனர். 1993இல் 10 கோடியே 70 இலட்சம் டொலர் தர அவுஸ்திரேலியா இணங்கிற்று. ஆயினும், விடுதலைக்குப் பின்னும் சுரங்கம் ஓயவில்லை. வந்த பெருஞ்செல்வம் தவறான முதலீடுகளிலும் வீண்செலவிலும் கரைந்தது.

அன்பர்களே! அந்நியரிடம் உரிமை கேட்ட உறுதியோடு, நம்மவரிடம் கணக்கும் கேட்போமாக. மண்ணைக் காக்கும் வழி அதுவே.