கிறிஸ்துமஸ் விருந்தும் மறு விருந்தும்
(கம்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



மதுரைக்கும் அதற்கப்பாலும் போய் யூனிவர்சிட்டியில் படிக்கும் நம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறைக்கு ஊர் வருகிறார்கள். ராயப்பன்பட்டியிலோ அனுமந்தன்பட்டியிலோ உள்ள கிறிஸ்தவத் தோழன் கிறிஸ்துமஸன்று தன் வீட்டுக்கு அழைக்கிறான். அவன் தாயார் ஆக்கிய கறிச்சோற்றை எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன். ஏசு எப்படிப் பிறந்தார் என்னும் விவகாரத்தை இன்றைக்கு ஒத்திவைப்போம். சோற்றுக்கு மதமில்லை.

ஆனால் பிள்ளை வீடு திரும்பியதும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? "சாப்பாடு ருசியாயிருந்ததா?" என்பதா? இல்லை. "அவர்கள் வேதத்தில் சேருமுன் என்ன ஜாதி?" என்பதுதான்!

தோழர்களே, 1895ஆம் வருஷம் பெரியாற்று அணை திறந்தது முதல் அந்தத் தண்ணீர் நம் வயல்களில் பாய்கிறது. வரப்பில் நின்று "இது யார் வயல்?" என்று அது கேட்டதில்லை. சேரிப் பெண்கள் நட்டு, சேரிப் பெண்கள் அறுத்த நெல் தீட்டில்லை, அரிசியும் தீட்டில்லை. அதையே அவர்கள் அடுப்பிலேற்றிச் சோறாக்கினால் மட்டும் தீட்டாம்! நெல்லில் இல்லாத தீட்டு, கொதிக்கிற பானைக்குள் எந்த வழியாய் நுழைந்தது என்று கேட்கிறேன்.

பந்திதான் ஜாதியின் கோட்டை என்பதை வெள்ளைக்காரப் பாதிரிகளும் கண்டார்கள். மதுரை ஜில்லாவில் வேலை செய்த அமெரிக்கன் மிஷன் 1847ல், தன்னிடம் உத்தியோகம் பார்ப்பவர்கள் ஜாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோருடனும் கூடிச் சாப்பிட வேண்டுமென்றது. பலர் உத்தியோகத்தை விட்டார்களேயொழிய ஜாதியை விடவில்லை. வடக்கன்குளத்தில் ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்துக் கிறிஸ்தவக் கோவிலுக்குள் நின்ற சுவர் 1910ல்தான் இடிக்கப்பட்டது. காங்கிரஸ் பணம் பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று 1925ல் நாடே கொதித்தது. மதம் மாறியும் பந்தி மாறவில்லை. தேசியம் பேசியும் பந்தி மாறவில்லை.

இந்த மலைக்கு மேற்கே, கொச்சிச் சீமையில் செறாயி என்ற ஊரில், 1917ல் சகோதரன் ஐயப்பன் என்ற ஈழவ இளைஞர் ஒரு காரியம் செய்தார். பி.ஏ. தேறியவர். புலையச் சிறுவர்களையும் ஈழவர்களையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். உடனே "புலையன் ஐயப்பன்" என்று ஏசி ஒதுக்கிவைத்தவர்கள் யார்? அவருடைய சொந்த ஜாதியாரே! மேல்ஜாதி வீட்டில் இலை கேட்பது சுலபம். தனக்குக் கீழே என்று ஊர் சொல்லுகிறவனோடு உட்காருவதில்தான் உங்கள் யோக்கியதை தெரியும்.

ஆகவே படித்த தோழர்களைக் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சாப்பிட்டீர்கள், சரி. பொங்கலுக்கு அத்தோழனைத் திரும்ப அழைத்தீர்களா? கூட ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படிக்கும் சேரித் தோழனை அழைத்தீர்களா? அழைத்திருந்தால் இலை போட்டது வீட்டுக்குள்ளா, திண்ணையிலா? அவன் வீட்டுக்குப் போய் அவன் தாயார் ஆக்கியதைச் சாப்பிட்டீர்களா? விருந்து வைத்த கிறிஸ்தவத் தோழனையும் விடப்போவதில்லை. உன் கோவிலுக்கு வரும் சேரிக் கிறிஸ்தவன் அன்று உன் பந்தியில் இருந்தானா?

இன்னொன்று. அந்த விருந்தை ஆக்கியவர் தாயார். எல்லோரும் எழுந்தபின் அடிப்பானையைச் சுரண்டிச் சாப்பிடுகிறவரும் அவரே. ஆணுக்குச் சமபந்தி, பெண்ணுக்கு மிச்சப்பந்தி என்றால் அது சமபந்தியாகுமா?

1950 முதல் அரசியல் சட்டத்தின் 17ஆவது விதி தீண்டாமையை ஒழித்திருக்கிறது. சட்டம் ஓட்டல் கதவைத் திறக்கும். நம் வீட்டு அடுப்படிக் கதவைத் திறக்கப் போலீஸ் வராது; நாம்தான் திறக்கவேண்டும். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவே மூன்று வாரந்தான். அதற்குள் யாரை அழைப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். சண்டை வந்தால் வரட்டும். அந்தச் சண்டை இத்தனை நாள் வராததுதான் நமக்கு மானக்கேடு.