உளவியல் படிக்கப் போகிறீர்களா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர் இப்போது உளவியல் படிக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை, மனநலம் பார்க்க நம் நாட்டில் ஆட்கள் போதவில்லை. ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் ஆக வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு, அதன்மேல் மனநல மருத்துவம் படிக்க வேண்டும். உளவியல் பட்டம் வேறு பாதை. அதிலும் மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவுடனே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டிவிட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அந்தக் கவுன்சிலில் பதிவும் செய்திருக்க வேண்டும். கல்லூரி விளம்பரங்களில் இது பெரிய எழுத்தில் வருவதில்லை. விவரம் தெரியாமல் சேர்ந்த பிள்ளைகள் பட்டம் வாங்கிய பிறகு தவிப்பதுதான் வேதனை.

இன்னொன்று, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் உளவியல் பட்டம் நடத்த பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்திருக்கிறது. சரியான முடிவு என்றே சொல்வேன். மனிதரோடு உட்கார்ந்து பேசிப் பழகாமல் இந்தத் தொழில் கைவராது.

கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. புள்ளியியல் இல்லாத உளவியல் கிடையாது!

பெற்றோரே, பணம் கட்டும் முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். மாணவர்களைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.