போகும் வழியும் திரும்பும் வழியும்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி அலைந்தார்கள். அதை நீங்களும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அதனால்தான், பள்ளிக்கு வரும் இணையத்தை 2 கிலோமீட்டர் தள்ளியுள்ள கீழ் டிவிஷன் மண்டபத்திற்குக் கம்பியில்லாமல் கொண்டுபோக முன்வந்தேன்.

இரண்டு கூரையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி ஏரியல் தட்டுகளைப் பொருத்தினோம். கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை, இந்தத் தூரத்தில், நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றிலும் சுமார் 5 மீட்டர் விரிந்து செல்கிறது. செம்பனை மட்டை அதில் குறுக்கிட்டால் வேகம் குறையும். நனைந்த மட்டை இன்னும் மோசம். ஆகவே கம்பத்தை உயர்த்தினோம். இணைப்பு கிடைத்தது.

நான் தவறு செய்தது அதற்குப் பிறகுதான். சுலபம் என்று எண்ணி, 'பிரிட்ஜ்' முறையில் பாலம் போட்டு இரண்டு இடத்தையும் ஒரே வலையாக்கிவிட்டேன். பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். கங்காணி ஒரு பேரைக் கூப்பிட்டால் எல்லார் காதிலும்தானே விழும்? ஒரே வலையில் உள்ள கணினிகளும் அப்படித்தான் ஒன்றையொன்று கூவித் தேடும். நாலு கணினி என்றால் பரவாயில்லை. நாற்பது என்றால், அத்தனைக் கூச்சலும் வீணாக அக்கரைக்குப் போகும்.

ஒரு நாள் பள்ளியில் யாரோ தெரியாமல் ஒரே கம்பியின் இரண்டு முனையையும் ஒரே 'சுவிட்ச்' பெட்டியில் செருகிவிட்டார்கள். கூவிய குரல் சுற்றிச் சுற்றிப் பெருகியது. பள்ளியோடு மண்டபமும் நின்றது. இந்தச் சுழலைத் தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-லேயே கண்டுபிடித்துவிட்டார். நான் வாங்கிய மலிவுப் பெட்டியில் அது இல்லை! அன்றிரவு எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்க வந்த மூன்று பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் 'ரூட்டிங்' முறைக்கு மாற்றினேன். பள்ளிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள், மண்டபத்திற்கு 192.168.2. இரண்டு பக்கமும் ஒரு 'ரூட்டர்'. அது ஆபீஸ் கிராணி மாதிரி. முகவரி பார்த்து, அக்கரைக்குரிய கடிதத்தை மட்டும் அனுப்பும். உள்ளூர்க் கூச்சலை எல்லையிலேயே நிறுத்தும்.

அப்படியும் மண்டபத்தில் இணையம் வரவில்லை! ஏன்? மண்டபத்து ரூட்டருக்குப் பள்ளிக்குப் போகும் வழியை எழுதினேன். பள்ளி ரூட்டருக்கு மண்டபத்திற்குத் திரும்பும் வழியை எழுத மறந்தேன். கேள்வி போய்ச் சேர்ந்தது; பதில் வழி தெரியாமல் தவித்தது. ஒரே ஒரு வரி எழுதினேன், எல்லாம் ஓடியது.

சின்ன இடத்துக்குப் பாலம் போதும். பிள்ளைகள் நம்பியிருக்கும் இடத்துக்கு ஒரு பக்கத்துக் கோளாறு மறுபக்கத்தைக் கெடுக்காத ஏற்பாடு வேண்டும். இதை அந்த மூன்று பிள்ளைகளிடம்தான் படித்தேன்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கும் நீங்கள் நாளை மேல்படிப்புக்காகத் தோட்டத்தை விட்டுப் போகத்தான் வேண்டும். நன்றாகப் போய் வாருங்கள். ஆனால் அந்த ஒரு வரியை மறக்காதீர்கள்: திரும்பும் வழியையும் எழுதி வையுங்கள். பெற்றோர்களே! மாலையில் மண்டபத்தில் விளக்கு எரியும். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.