விளைச்சல் கணக்கும் உடலின் கணக்கும்: டாக்டர் கமலா சோஹோனியின் ஆராய்ச்சிப் பணி

ஒரு நாட்டில் எத்தனை இலட்சம் டன் பருப்பு விளைந்தது, தலைக்கு எத்தனை கிராம் கிடைக்கிறது என்று கணக்கிடுவது கடினமன்று. உண்ட பருப்பிலுள்ள புரதத்தில் எவ்வளவு உடலில் சேருகிறது என்பது வேறு கேள்வி. விளைச்சல் கணக்கு அதற்கு விடை தராது. உயிர்வேதியியல்தான் விடை தரவேண்டும். இக்கேள்வியைத் தமது ஆராய்ச்சியின் மையமாகக் கொண்டவர் டாக்டர் கமலா சோஹோனி.

இந்தூரில் பிறந்த கமலா, 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர விண்ணப்பித்தார். அப்போது இயக்குநராக இருந்த சர் சி. வி. இராமன், பெண் என்ற காரணத்தால் அவருக்கு இடமளிக்க மறுத்தார். கமலா நேரில் சென்று வாதாடினார். முடிவில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது: முதல் ஓராண்டு தகுதிகாண் பருவம், இயக்குநர் நிறைவடையும் வரை அவருடைய ஆராய்ச்சிக்கு அங்கீகாரம் இல்லை. அவ்வாண்டின் முடிவில் இராமன் நிறைவடைந்தார். பிற பெண்களுக்கும் கழகத்தின் கதவு திறந்தது. எனினும், அன்று தமக்கு நேர்ந்தது ஓர் அவமதிப்பே என்று கமலா முதுமையிலும் கூறிவந்தார்.

பெங்களூரில் பேராசிரியர் ஸ்ரீநிவாசய்யாவின் வழிகாட்டுதலில் பால், பருப்பு வகைகள் ஆகியவற்றின் புரதங்களை அவர் ஆராய்ந்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் இராபின் ஹில்லிடம் பயின்று, தாவரத் திசுக்களின் சுவாசத்தில் சைட்டோகுரோம் ‘சி’ பங்கு கொள்வதைக் காட்டினார். சுமார் 40 பக்கங்களே கொண்ட ஆய்வேட்டிற்கு 1939இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. வெளிநாட்டு வாய்ப்புகளை நாடாமல் அவ்வாண்டே தாயகம் திரும்பினார். டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியிலும், நீலகிரியில் குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றிய பின், 1947இல் திருமணமாகிப் பம்பாய் சென்றார்.

அவருடைய பணியில் பயன் மிகுந்த பகுதி, பம்பாய் விஞ்ஞானக் கழகத்தில் மாணவர்களோடு சேர்ந்து நிகழ்த்திய ஆய்வுகளாகும். குடலில் புரதத்தைச் செரிக்கச் செய்யும் நொதி டிரிப்சின். பயறு, மொச்சை வகைகள் பலவற்றில் இந்நொதியைச் செயலற்றதாக்கும் பொருள்கள் உள்ளன. மொச்சையிலிருந்தும் டபிள் பீன்ஸிலிருந்தும் இப்பொருள்களைப் படிக வடிவில் பிரித்தெடுத்த செய்தி 1955இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. நன்கு வேகவைத்தால் இத்தடைப்பொருள்களில் பெரும்பகுதி செயலிழந்துவிடும். எனவே, ஓர் ஏக்கர் நிலத்தைக்கூட அதிகமாகப் பயிரிடாமலே, விளைந்த பருப்பிலிருந்து கூடுதல் பயன் பெற முடியும். ஏழைக் குடும்பத்தின் புரதத் தேவை பெரும்பாலும் பருப்பினாலேயே நிறைவேறும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. அடுப்பெரிக்கும் விறகும் எண்ணெயும் உணவுத் திட்டத்தின் ஒரு பகுதியே என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

குடியரசுத் தலைவர் டாக்டர் இராஜேந்திர பிரசாதின் யோசனைப்படி, பனையினத்து மரங்களிலிருந்து இறக்கப்படும் புளிக்காத சாறாகிய நீராவையும் அவர் ஆராய்ந்தார். ஊட்டக்குறைவுற்ற பழங்குடிச் சிறார்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதனை அளித்தபோது உடல்நலத்தில் முன்னேற்றம் காணப்பட்டது. இப்பணிக்குக் குடியரசுத் தலைவரின் விருது கிடைத்தது.

ஆனால் தகுதிக்குரிய பதவி உரிய காலத்தில் கிடைக்கவில்லை. விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர் பொறுப்பு பல ஆண்டுகள் தள்ளிப்போன பின்னரே அவரிடம் வந்தது. பெங்களூரில் 1933இல் எழுந்த தடை, வேறு உருவில் பம்பாயிலும் தொடர்ந்தது எனலாம். திறமையை வாயிலில் நிறுத்திவைப்பதால் நேரும் இழப்பு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் பதிவாவதில்லை. அதனாலேயே அது கவனிக்கப்படாமல் போகிறது.

அவருடைய ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 1966இல் பம்பாயில் தோன்றிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1982-83இல் அதன் தலைவராகவும் விளங்கினார். உணவுக் கலப்படம் பற்றி இல்லத்தரசிகளுக்கு விளங்கும்படி எழுதினார். 1998இல் அவர் மறைந்தார். உணவுத் தானியத்தை டன்னில் அளப்பதோடு கணக்கு முடிவதில்லை என்பதே அவரது ஆராய்ச்சி விட்டுச்சென்ற பாடம். கணக்கின் கடைசி வரி, உண்பவரின் உடலிலேயே எழுதப்படுகிறது.