ஓய்வு பெற்றவனுக்குச் சால்வை மாத்திரம் போதுமா?

(யானைக்கவுனியில், ஓய்வு பெற்ற தொழிலாளிகளுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் பேசியது)



வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களைப் பாராட்டினால், வேலையில் இருக்கிற இளைஞர்களுக்கு ஊக்கம் பிறக்கும் என்பதாக இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் சொன்னார்கள். பிறக்கும் என்றுதான் நாமும் கருதுகிறோம். ஆனால் எதைப் பார்த்துப் பிறக்கும் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நம் நாட்டில் வழியனுப்பு உபசாரம் என்றால் என்ன? மாலை, சால்வை, வாழ்த்துப் பத்திரம், ஒரு போட்டோ. பெரிய அதிகாரியானால் மண்டபமும் விருந்தும். சாக்கடை சுத்தம் செய்தவனானால் வாசலில் ஒரு டீ. அவனுடைய முப்பது வருஷமும் இவனுடைய முப்பது வருஷமும் ஒரே முப்பது வருஷந்தானே? நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு மாத்திரம் வருஷத்தில் நாள் அதிகமா? கல்யாணத்திலும் கருமாதியிலும் இருக்கிற மேல் கீழ் வழியனுப்பிலும் வந்து உட்கார்ந்துகொண்டால், பார்த்துக்கொண்டிருக்கிற இளைஞன் என்ன கற்றுக்கொள்ளுவான்? வேலையை நன்றாகச் செய்ய வேண்டுமென்றா, எப்படியாவது நாற்காலியைப் பிடிக்க வேண்டுமென்றா?

2006 முதல் பல ஆண்டுகள் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளிப் பதக்கம் கொடுத்துவந்தார்கள். அதை நாம் குறை கூறவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டலாம். முலாம் பதக்கத்தோடு நிற்கட்டும், மரியாதைக்கு வேண்டாம் என்பதே நாம் சொல்லுவது.

உண்மையான மரியாதை எது என்பதை 1982 டிசம்பர் 17-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1979-இல் சர்க்கார் பென்ஷனை உயர்த்தி, அவ்வாண்டு மார்ச்சு 31-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அது கிடையாது என்றது. முன்னமே ஓய்வு பெற்றிருந்த நகாரா என்பவர் வழக்குத் தொடுத்தார். ஐந்து நீதிபதிகள் கேட்டு, பென்ஷன் எசமானன் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல, செய்த வேலைக்கு உரிய பாத்தியதை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தேதியையே பென்ஷன்தாரர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் பஞ்சாங்கத்தில் இத்தனை திருநாள்கள் இருக்கின்றனவே, அவற்றில் எதற்காவது இவ்வளவு காரணம் உண்டா?

1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டமும், ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவனுக்கு வருஷத்துக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் கணக்கிட்டு, முப்பது நாளைக்குள் கொடுத்துவிட வேண்டுமென்றது. இந்தப் பணத்தைக் கேட்டுக் கிழவன் ஆபீசுக்கு ஆறுமாதம் நடந்தால், அவன் கழுத்தில் போட்ட மாலைக்கு என்ன மதிப்பு? அவன் நடப்பதை உள்ளே மிஷினில் நிற்கிற பையன் பார்க்கிறான், தோழர்களே! நாளைக்கு நமக்கும் இதுதான் என்று நினைத்தால் அவன் கை வேலையில் ஓடுமா?

இதுவாவது பேரேட்டில் பேர் உள்ளவன் சங்கதி. இந்த யானைக்கவுனியிலும் பக்கத்துச் சௌகார்பேட்டையிலும் மூட்டை தூக்குகிறவனுக்கும் கைவண்டி இழுக்கிறவனுக்கும் ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று உண்டா? முதுகு ஒடிகிற நாள்தான் அவனுக்கு ஓய்வு நாள். சால்வைக்குப் பணம் வசூலிக்கிற நண்பர்கள், இவர்களுடைய பேரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதவைக்கவும் முதலாளிகளிடம் போக வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

மற்றொன்று. ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலைக் கண்டவர்கள் இருந்தார்கள். அந்தக் காது எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது? அப்படிப்பட்டவனை மேடையில் உட்காரவைத்து, வேலையே தெரியாத நாம் ஒரு மணி நேரம் புகழுவதும், அவன் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவதும் எவ்வளவு அசட்டுத்தனம்! கடைசி மாதத்தில் இரண்டு பையன்களை அவனோடு விட்டால், அவன் தொழில் அவனோடு போய்விடாது. தன்னிடம் கற்க ஆள் வந்தது என்கிற பெருமையும் அவனுக்கு இருக்கும்.

முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மில்லிலும் உழைத்தவர்கள். அவர்கள் எப்படி வேலை செய்தார்கள், எங்கே அடிபட்டார்கள், சேரவேண்டிய பணம் சேர்ந்ததா என்பதை அவர்களே சொல்லட்டும். தலைவர் அவர்களைக் கூப்பிடுவதற்கு வசதியாக நாம் உட்காருகிறோம்.