கடன் வாங்கிச் செய்கிற தடபுடல்

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் "எப்படி நடந்தது?" என்று கேட்டால், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று வருகிற பதில், "கிராண்டா பண்ணிட்டாங்க" என்பதுதான். அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கம்பீரம் என்றும் பொருள் உண்டு. நம் பேச்சில் அது செலவோடு நின்றுவிட்டது.

மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ். தலைக்கு மேலே டிரோன் கேமரா. மில்லில் ஷிப்ட் பார்க்கிறவரும் தறி நெய்கிறவரும் இதற்காக நகையை அடகு வைக்கிறார்கள். அதுவும் போதாமல் வட்டிக்கு வாங்குகிறார்கள். பந்தி முடிந்து எடுக்கிற இலைகளைப் பாருங்கள். தொடாத இனிப்பு, பிசையாத சோறு, ஒரு வாய்கூட வைக்காத கூட்டு. கடனாக வாங்கிய காசு அது. பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, காது குத்துகிற நாளிலும் அந்த வட்டி தீர்ந்திருக்காது.

தாராளம் நமக்குப் புதிதில்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ஊர் முழுவதும் பயன்பெறுகிற தாராளம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கல்யாணத்தைவிடப் பெரிய கல்யாணம் ஏது? அந்த ஆண்டாள் கையில் இருக்கிற கிளியைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கையாலேயே செய்து சாத்துகிறார்கள். விலை என்று பார்த்தால் இலையும் பூவும்தான். அதில் இறங்கியிருக்கிற உழைப்புக்கு எந்த மேடை அலங்காரமும் ஈடாகாது என்பேன்.

தாம்பூலப் பையில் எதற்குப் பிளாஸ்டிக் டப்பா? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நம் ஊரிலேயே கிண்டப்படுகிறது. பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். உள்ளூர்க்காரருக்கும் நாலு காசு கிடைக்கும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வார்த்தை. "எளிமையாகச் செய்யலாம்" என்று பெண்ணைப் பெற்றவர் வாய்விட்டுச் சொல்ல முடியாது. கஞ்சத்தனம் என்று பேசுவார்களோ என்று பயப்படுவார். நிச்சயத்தன்றே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். "கடன் வாங்காமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு போதும்" என்று சபையில் எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள்.